பயணியும் சரக்கா?

கணினி விளையாட்டு என்றாலே பெற்றோர் பலர் முகம் சுளிப்பர். நேரம் வீணாகிறது, கண் கெடுகிறது என்பன அவர்கள் கூறும் குறைகள். அவற்றில் உண்மை உண்டு. ஆயினும் எல்லா விளையாட்டுகளையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று. இருப்புப்பாதை அமைத்து வணிகம் நடத்தும் விளையாட்டுகள் சிந்தனையைத் தூண்டுபவை. 1990ஆம் ஆண்டு வெளிவந்த, சிட் மெயர் வடிவமைத்த 'ரயில்ரோடு டைக்கூன்' அவற்றுள் புகழ்பெற்றது.

இதில் ஆடுபவரே ஒரு ரயில் நிறுவனத்தின் தலைவர். எந்த இரு ஊர்களை இணைப்பது, மலையைச் சுற்றிச் செல்வதா ஏறிக் கடப்பதா, கடன் வாங்கலாமா என்பனவற்றை அவரே முடிவுசெய்தல் வேண்டும். தவறான முடிவுகள் நிறுவனத்தையே கவிழ்த்துவிடும். திட்டமிடலையும் சிக்கனத்தையும் பொறுமையையும் இவ்விளையாட்டு நன்கு பழக்குகிறது.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. நிலக்கரியையும் அஞ்சலையும் போலவே பயணியும் இங்கு ஒருவகைச் சரக்கே. எவ்வளவு தொலைவு, எவ்வளவு விரைவு, எவ்வளவு வருவாய் என்பதே கணக்கு. அப்பயணி யாரைக் காணச் செல்கிறார் என்னும் வினாவுக்கு அங்கு இடமில்லை.

அவ்வினாவின் பெருமையை உணர்த்தும் பாதை ஒன்று கேரளத்திலேயே உள்ளது. கொல்லம்–செங்கோட்டை இருப்புப்பாதை 1904இல் திறக்கப்பட்டது. தென்னிந்திய ரயில்வே நிறுவனம், திருவிதாங்கூர் அரசு, சென்னை மாகாண அரசு ஆகிய மூன்றும் சேர்ந்து அதனை அமைத்தன. அந்நாளில் செங்கோட்டையும் திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. 1956இல்தான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. முதல் ரயிலின் பாகங்கள் கப்பலில் கொல்லம் துறைமுகத்தை அடைந்து, மாட்டுவண்டிகளில் நிலையத்துக்கு வந்தன. கழுதுருட்டியில் 13 வளைவுகள் கொண்ட பாலத்தின்மீது ஏறி, ஆரியங்காவுக் கணவாயைக் குகைவழியே கடந்து சென்றது அப்பாதை. கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு 1918இல் ரயில் வந்தது. 1931இல் அது தம்பானூர் வரை நீண்டது. நாகர்கோவில் வழியே பாதை அமையும்வரை, இந்நகரத் தமிழர் திருநெல்வேலிக்கு ரயிலில் செல்ல இம்மலைவழியே துணையாக இருந்தது.

அகலப்பாதையாக மாற்றும் பணிக்காக 2010இல் புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே ரயில் நின்றது. வழி முழுவதும் மீண்டும் ரயில் ஓடியது 2018இல். விளையாட்டில் ஒரு சொடுக்கில் முடியும் வேலைக்கு இங்கு எட்டு ஆண்டுகள் ஆயின. ஏற்றம் மிகுந்த வழி, மெதுவான பயணம், பெருஞ்செலவு என்று மட்டும் பார்த்தால், "இப்பாதையைக் கைவிடுக" என்றே விளையாட்டின் கணக்கு சொல்லியிருக்கும். அவ்வாறு கைவிட்டிருந்தால், மலையின் இருபுறமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களின் இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறியிராது.

"வருவாய் இல்லாத பாதையை யார் பணத்தில் நடத்துவது?" எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. பணம் இன்றிப் பாலமும் குகையும் எழுவதில்லை. ஆனால் பாதையால் வரும் நன்மை ரயில்வேயை மட்டும் சேர்வதன்று. கடைக்காரர், மாணவர், நோயாளி, உறவினர் எனப் பலரையும் அது சேர்கிறது. பலருக்கும் பயன்படுவதன் செலவைப் பலரும் பகிர்ந்துகொள்வதே நேர்மை. 1904இலேயே இரண்டு அரசுகள் ஒரு நிறுவனத்தோடு கைகோத்தது இதற்குச் சான்று.

எனவே பிள்ளைகள் இவ்விளையாட்டை ஆடுவதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆடும்போது ஒரு பழக்கத்தை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும். இலாபம் குறைந்த பாதையை நீக்கும் முன், அதில் செல்பவர் யார், அவருக்கு வேறு வழி உண்டா என்று கேட்டுப் பார்ப்பதே அப்பழக்கம். விடுமுறைக்குத் தாத்தா பாட்டி ஊருக்கு ரயிலேறும் பிள்ளைகளுக்கு அதன் விடை முன்பே தெரியும். அவர்கள் சரக்கல்லர், யாரோ ஒருவர் நிலையத்தில் காத்திருக்கும் பயணியர்.

அருஞ்சொற்பொருள்
கணவாய் – மலைகளுக்கு இடையே அமைந்த வழி
சிக்கனம் – அளவறிந்து செலவிடுதல்

சிந்தித்து எழுதுக
1. விளையாட்டில் பயணியும் சரக்காகவே கருதப்படுகிறார் என்பதன் பொருள் யாது?
2. வருவாய் குறைந்த ரயில் பாதையை மூடலாமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.