முதல் ஹெலிகாப்டர் பெருசா இருக்கணும்னு யாருங்க சொன்னது?

"ரிமோட் ஹெலிகாப்டர் ஓட்டக் கத்துக்கணும், கையில துட்டு கம்மி, எதை வாங்கலாம்?"

இப்படி ஒருத்தர் வாயைத் திறந்தாப் போதும், மூணு கோஷ்டி கிளம்பி வந்துடும்.

முதல் கோஷ்டி: "இதுக்கெல்லாமா யோசனை? பொம்மைக் கடையில ஒண்ணைத் தூக்கிட்டு வாங்க."

ரெண்டாவது கோஷ்டி: "சின்னதெல்லாம் காசுக்குத் தெண்டம். வாங்குனா 450 சைஸ் வாங்கு, காலத்துக்கும் வெச்சு ஓட்டலாம்."

மூணாவது கோஷ்டி: "இந்தக் காலத்துல எவனாவது ஹெலிகாப்டர் வாங்குவானா? ட்ரோன் வாங்குப்பா."

மூணு பேருமே தப்பாச் சொல்றாங்கங்கிறது என் கட்சி. ஆனா முதல் ஆளும் மூணாவது ஆளும் பண்ற கெடுதல் கம்மி. அந்த நடுவுல இருக்காரே சீனியர் அண்ணாச்சி, அவர்தான் ஆபத்து. அதனால அவர்கிட்டேயே ஆரம்பிப்போம்.

450 சைஸுன்னா என்ன? ஒவ்வொரு பிளேடும் சுமார் 325 மில்லிமீட்டர். சுத்தும்போது வட்டத்தோட குறுக்களவு 70 சென்டிமீட்டர் வரும், சுற்றளவு 2.2 மீட்டர். நிமிஷத்துக்கு 2500 சுற்றுன்னு வெச்சுக்கிட்டு கணக்குப் போடுங்க. பிளேடு நுனியோட வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுது! அதோட, மொத்த எடை முக்கால் கிலோ பக்கம். இதை, குச்சியை எந்தப் பக்கம் தள்ளணும்னே கைக்குப் பழகாத ஒருத்தர்கிட்ட குடுத்து "மொட்டை மாடியில ஓட்டிப் பாரு"ன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

பயமுறுத்துறேன்னு நினைக்காதீங்க. 2013 செப்டம்பர்ல நியூயார்க், புரூக்ளின்ல ஒரு பூங்காவுல 19 வயசுப் பையன் ஒருத்தன் தன்னோட சொந்த ரிமோட் ஹெலிகாப்டர் தாக்கியே இறந்துபோனான். அவன் ஓட்டினது 450-ஐ விடப் பெரிய மாடல். அவன் கத்துக்குட்டியும் இல்லை, நல்லா ஓட்டத் தெரிஞ்சவன். தெரிஞ்சவனுக்கே அந்த கதி.

சரி, உயிரை விடுங்க, காசுக்கு வருவோம். 450 ஒரு தடவை தரையில மோதினா என்னென்ன போகும்? மெயின் பிளேடு ரெண்டும் போச்சு. மெயின் ஷாஃப்ட் வளையும். பிளேடைப் பிடிச்சிருக்கிற குறுக்குக் கம்பி வளையும். மெயின் கியர்ல பல்லு உதிரும். வால் குழாய்ல நெளிசல் விழும். நேரம் சரியில்லைன்னா சர்வோவுக்குள்ள இருக்கிற கியரும் சேர்ந்து போகும். எல்லாத்தையும் மாத்தி, பிளேடு ரெண்டும் ஒரே மட்டத்துல சுத்துதான்னு பார்த்து, திரும்ப மேலே ஏத்துறதுக்குள்ள ஒரு மாசம் ஓடிடும். புதுசாக் கத்துக்கிறவர் எத்தனை தடவை விழுவார்? ஒரு தடவையா? எங்க ஏரியாவுல ஒருத்தர் இந்த அறிவுரையைக் கேட்டு செகண்ட் ஹேண்ட்ல ஒரு 450 வாங்கினார். மொத்தம் பறந்தது நாலு நிமிஷம். இப்ப அது ஷோகேஸ்ல, கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கு. அதோட ஆசையும் போச்சு. இதுதாங்க என் வயித்தெரிச்சல். போனது காசு மட்டுமில்லை, நல்லா வரவேண்டிய ஒரு ஆளும் போயிட்டார்.

அண்ணாச்சி ஒரு பாயிண்ட் வெச்சிருப்பார். "பெருசு காத்துல ஆடாது, சின்னது அல்லாடும்." உண்மைதான், ஒத்துக்கிறேன். ஆனா அதுக்குப் பதில் ரொம்ப சிம்பிள். காத்து இல்லாத இடத்துல ஓட்டுங்க. கல்யாண மண்டபம், ஸ்கூல் ஹால், இல்லைன்னா விடியக்காலை ஆறு மணி மைதானம். காத்தைச் சமாளிக்கிறதுக்காக பத்து மடங்கு செலவு பண்றது, கொசு கடிக்குதுன்னு வீட்டை மாத்துற மாதிரி.

இப்ப பொம்மைக் கடை கோஷ்டி. ஒண்ணு மேலே ஒண்ணா ரெண்டு விசிறி எதிரும் புதிருமாச் சுத்துற மாடல், சைமா எஸ்107 மாதிரி. அருமையான பொருள்தான், குறை சொல்லவே மாட்டேன். ரெண்டு விசிறியும் ஒண்ணோட முறுக்கை இன்னொண்ணு அடக்கிடும், அதனால பெட்டியைப் பிரிச்ச அஞ்சாவது நிமிஷம் குழந்தைகூட ஓட்டும். ஆனா அதுக்கு இருக்கிறது மூணு சேனல்தான். மேலே கீழே, திரும்ப, முன்னே பின்னே. பக்கவாட்டுல நகர்த்தவே முடியாது. அகச்சிவப்பு ரிமோட் வேற, வெயில்ல கொண்டுபோனா சிக்னல் படுத்துடும். விளையாட வாங்குறீங்களா, சந்தோஷமா வாங்குங்க. "ஓட்டக் கத்துக்கிறேன்"னு வாங்குறீங்களா, இதுல கத்துக்க வேண்டியதுல பாதிகூட இல்லை.

ட்ரோன் கோஷ்டிக்கு ஒரே வரி. ஜிபிஎஸ் வெச்ச ட்ரோன்ல குச்சியை விட்டா அது அங்கேயே நிக்கும். ஹெலிகாப்டர்ல குச்சியை விட்டா அது பாட்டுக்கு மிதந்து சுவரைத் தேடிப் போகும். ரெண்டும் வேற வேற வித்தை சாமி. வீணை கத்துக்கணும்னு வந்தவனுக்கு ரேடியோ வாங்கிக் குடுக்காதீங்க.

அப்ப என்னதான் வாங்குறது? என் ஓட்டு, ஒரே மெயின் விசிறி, நாலு சேனல், பிளேடு கோணம் மாறாத சின்ன ஹெலிகாப்டருக்கு. டபிள்யூஎல் டாய்ஸ் வி911 இந்த ஜாதிதான். அம்பது கிராமைத் தாண்டாது. விசிறிக்கு மேலே 45 டிகிரியில ஒரு குண்டுக்கம்பி சுத்தி, ஆட்டத்தை அடக்கும். பக்கவாட்டு நகர்வு உண்டு, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட், வெயில் ஒண்ணும் பண்ணாது. முக்கியமான விஷயம், விழுந்தா பெரும்பாலும் பிளேடு கழண்டு வரும், மாட்டிட்டுத் திரும்பப் பறக்கலாம். எடை கம்மி, அதனால அடியும் கம்மி. இயற்பியல் நம்ம பக்கம் நிக்கிற ஒரே இடம் இதுதான். பிளேடு கோணம் மாறுற ஆறு சேனல் ரகம் வேணும்னாலும், இதுல கை பழகின பிறகு எக்ஸ்கே கே110 மாதிரி குட்டி மாடலுக்குப் போங்க, நேரா 450-க்குத் தாவாதீங்க.

பட்ஜெட்டுங்கிறது பெட்டி மேல ஒட்டியிருக்கிற விலை இல்லைங்க. முதல் பத்து விழுகைக்கும் சேர்த்து ஆகுற செலவுதான் பட்ஜெட். அதனால:

1. கையில இருக்கிற காசுல பாதிக்கு மேல ஹெலிகாப்டருக்குச் செலவழிக்காதீங்க. மீதி பிளேடு, வால் விசிறி, கியர், கூடுதல் பேட்டரிக்கு.

2. ரிமோட் சேர்ந்து வருதான்னு பாருங்க. விலை கம்மியா இருக்குன்னு ஆசைப்பட்டு வாங்கினா, உள்ளே ரிமோட் இருக்காது. அதுக்குத் தனி அழுகை.

3. உதிரி பாகம் ரிச்சி ஸ்ட்ரீட்லயோ உள்ளூர் ஆன்லைன் கடையிலயோ கிடைக்குதான்னு விசாரிச்சுட்டு அப்புறம் மாடலை முடிவு பண்ணுங்க. 2022 பிப்ரவரியில மத்திய அரசு முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை போட்டுச்சு. அதுக்கப்புறம் பறக்குற சாமானை வெளிநாட்டுலேர்ந்து தனியாத் தருவிக்கிறது வம்பை விலைக்கு வாங்குற வேலை.

4. கம்ப்யூட்டர் சிமுலேட்டர்ல முதல்ல ஓட்டுங்க. ஹெலிகாப்டர் மூக்கு உங்களைப் பார்த்து நின்னா இடது வலது தலைகீழாயிடும். எல்லாரும் விழுறது அங்கேதான். அந்தப் பாடத்தை ஒரு பட்டனைத் தட்டினா திரும்ப எழுந்துக்கிற இடத்துல படிக்கலாமே.

5. லித்தியம் பாலிமர் பேட்டரியை ராத்திரி சார்ஜ் போட்டுட்டுத் தூங்காதீங்க. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்தான் உச்சம். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீங்க. உப்பிப்போச்சுன்னா பாசம் வைக்காம ஒதுக்கிடுங்க.

இவ்ளோதான் விஷயம். "சின்னது வாங்கினா அப்புறம் மறுபடி பெருசு வாங்கணுமே, ரெட்டைச் செலவு"ன்னு அண்ணாச்சி கடைசி அஸ்திரத்தை விடுவார். சின்னதுல நூறு தடவை விழுந்து எழுந்தவர் பெருசை உடைக்க மாட்டார். சின்னதைத் தாண்டிக் குதிச்சவர்தான் பெருசையே ரெண்டு தடவை வாங்குவார். எது ரெட்டைச் செலவு?

அடுத்த தடவை யாராவது "எதை வாங்கலாம்?"னு கேட்டா, உங்க அலமாரியில எது இருக்குங்கிறதைச் சொல்லாதீங்க. அவர் வீட்டு ஹால் எவ்ளோ பெருசு, பாக்கெட்ல எவ்ளோ இருக்கு, வீட்டுல சின்னக் குழந்தை இருக்கான்னு கேளுங்க. பதில் தானா வரும்.

டிஸ்கி: 450 வெச்சிருக்கிற அண்ணாச்சிமாரே, உங்க மேல கோபம் இல்லை. உங்க ஹெலிகாப்டர் நல்ல ஹெலிகாப்டர்தான். ஆனா அது முதல் ஹெலிகாப்டர் இல்லை. ஆட்டோ அனுப்புறவங்க கொஞ்சம் பெரிய ஆட்டோவா அனுப்பவும், உதிரி பாகத்தையும் ஏத்தணும் :-)