குடம் சுமப்பவரையும் கேளுங்கள்

எங்கள் இராமநாதபுரம் வட்டாரத்தில் மழை என்றால் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழைதான். பிற மாதங்களில் வீட்டு மரத்திற்கு நீர் குடத்தில்தான் வருகிறது; அக்குடம் எங்கள் இடுப்பில்தான் இருக்கிறது. ஆகவே, எந்த மரம் வைப்பது என்று எங்களையும் கேட்க வேண்டும் என்கிறோம்.

வேகமாக வளர்ந்தால் மட்டும் போதுமா? விறகுக்கென்று பரப்பிய சீமைக் கருவேலம் கண்மாய்களை அடைத்துக்கொண்டதால், அதை அகற்றும்படி 2017-இல் உயர் நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது. குல்மோகர் செக்கச்செவேலெனப் பூக்கும், மறுக்கவில்லை. ஆனால் காற்றில் அதன் கிளை எளிதில் முறியும். ஓட்டு வீட்டருகே அது வேண்டாம்.

வேம்பையும் புங்கையும் முதல் இரண்டு கோடை காப்பாற்றிவிட்டால், பின்பு வேர் தானே நீர் தேடிக்கொள்ளும். கத்திரி வெயிலில் அடர்ந்த நிழலும் கிடைக்கும். கொல்லையில் ஒரு முருங்கைப் போத்து ஊன்றினால், அரிசி களைந்த நீரே அதற்குப் போதும். வாசலில் முருங்கை ஆகாது என்பார்கள் பாட்டிமார். கம்பளிப்பூச்சிக்கு அஞ்சியோ என்னவோ!

ஐப்பசிக்குக் கன்று வாங்கப் போகும் பெற்றோரே, எங்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.