ஆமை பாடும் பொய்

"ஆலோ ஓ!" என்று கதைசொல்லி குரல் கொடுக்கிறார். "ஆலோ!" என்று பிள்ளைகள் ஒன்றாகப் பதில் சொல்கிறார்கள். தென்மேற்கு நைஜீரியாவின் யொரூபா ஊர்களில் நிலாக்காலக் கதை இப்படித்தான் தொடங்கும். முதலில் விடுகதைகள்; புத்தி தீட்டப்பட்ட பிறகே கதை.

கதைகளின் நாயகன் பெரும்பாலும் இஜாப்பா என்ற ஆமை. தந்திரக்காரன், பேராசைக்காரன். ஒரு கதையில் அவன் மனைவி யன்னிபோவுக்குக் குழந்தை இல்லை. பபலாவோ எனப்படும் குறிசொல்லி அவளுக்காக மருந்து கலந்த உணவை இஜாப்பாவிடம் கொடுத்து, "நீ வாயில் வைக்கவே கூடாது" என்று எச்சரிக்கிறார். வழியெல்லாம் வாசனை. முதலில் ருசி பார்க்கிறான். பிறகு ஒரு வாய். பிறகு சட்டியே காலி. வயிறு ஊதிக்கொண்டே போகிறது. குறிசொல்லியிடம் ஓடி, தடுக்கி விழுந்தபோது கையில் பட்டது வாயிலும் பட்டுவிட்டதாகப் பாடிக் கெஞ்சுகிறான்.

அந்தப் பாட்டின் பல்லவியைப் பாடுவது கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள்தான்.

கதையின் வலிமை இங்கேதான் இருக்கிறது. பொய் சொல்லாதே என்று யாரும் அதட்டவில்லை. பொய்யின் தவிப்பைப் பிள்ளை தன் வாயாலேயே பாடி உணர்கிறது. நற்குணம் உள்ளவரை யொரூபா மக்கள் 'ஓமொலுவாபி' என்பார்கள். அந்தக் குணத்துக்கு இது முதல் பயிற்சி.

பாட்டை வெட்டிவிட்டு, கடைசியில் 'நீதி' என்று ஒரு வரியை ஒட்டி அச்சிடும்போது பாதிக் கதை போய்விடுகிறது. அச்சு இம்மரபுக்குப் பகை அல்ல. டி. ஓ. ஃபாகுன்வா 1938-இல் வெளியிட்ட யொரூபா நாவல் இந்த வாய்மொழி உலகில் ஊறியது. 1968-இல் வோலே சோயின்கா அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். ஆனால் வகுப்பறையில் ஆமை யொரூபாவிலேயே பாடட்டும், பிள்ளைகள் உரக்கப் பதில் பாடட்டும்.