சிகிச்சைக்கு உத்தரவிடலாம், வழிபாட்டுக்கு அல்ல



1977 இனக்கலவரத்தின் பின் தோட்டங்களை விட்டு வந்து திருகோணமலையில் குடியேறிய எமது குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் இன்று துறைமுகப் பகுதியில் கூலி வேலை செய்கிறார்கள். அன்று லயத்தில் கசிப்பு எமது சம்பளத்தைத் தின்றது. இன்று ஹெரோயினும் ஐஸும் பிள்ளைகளையே தின்கின்றன. அவர்களை மீட்க வேண்டும் என்பதில் எமக்கு இரண்டு கருத்தில்லை. எப்படி மீட்பது என்பதே கேள்வி.

2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்படி, போதைக்கு அடிமையான ஒருவரை, அவர் விரும்பாவிட்டாலும் சிகிச்சைக்கு அனுப்ப நீதவானுக்கு அதிகாரம் உண்டு. 2023இல் புனர்வாழ்வுப் பணியகச் சட்டமும் வந்தது. அயல் மாவட்டமான பொலன்னறுவையில் உள்ள கந்தக்காடு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் இறந்ததையும், நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடியதையும் நாம் மறக்கவில்லை. வாசலைத் தாண்ட முடியாத இப்படியான இடத்தில் "வா, கும்பிடு" என்று ஒரு அதிகாரி சொன்னால், அது அழைப்பல்ல, கட்டளை.

கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் பலரைக் குடியிலிருந்து மீட்டிருக்கின்றன. மித்துரு மித்துரோ அமைப்பைத் தொடங்கியவரே ஒரு பௌத்த பிக்குதான். விரும்பிப் போகிறவருக்கு அது நல்ல வழி. ஆனால் நீதிமன்றத்தின் கட்டளையால் போகிறவரின் நிலை வேறு.

அமெரிக்காவில் ஹவாயைச் சேர்ந்த ஒரு பௌத்தர் சிறையிலிருந்து நிபந்தனையுடன் விடுதலையானார். கடவுளை முன்வைக்கும் குடிநோயாளர் கூட்டங்களுக்குப் போகுமாறு அதிகாரி அவரைப் பணித்தார். தன் சமயத்துக்கு அது பொருந்தாது என்று மறுத்தவர் மீண்டும் சிறைக்குப் போக நேர்ந்தது. இப்படிக் கட்டாயப்படுத்தியது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2007இல் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே சிறுபான்மையாக நின்ற பௌத்தருக்குக் கிடைத்த அந்த நியாயம், இங்கே சைவப் பிள்ளைக்கும் இஸ்லாமியப் பிள்ளைக்கும் கிறிஸ்தவப் பிள்ளைக்கும், கடவுளை நம்பாத பிள்ளைக்கும் வேண்டும்.

எமது அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. அதே உறுப்புரைதான் ஏனைய மதங்களின் உரிமைகளையும் உறுதிப்படுத்துகிறது. 10ஆம் உறுப்புரை தரும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்துக்கு அரசியலமைப்பு எந்த மட்டுப்பாடும் விதிக்கவில்லை. கைதான பிள்ளைக்கும் அது உண்டு.

ஆகவே நாம் கேட்பது இவைதான்: சிகிச்சை மருத்துவரின் பொறுப்பில் நடக்க வேண்டும். ஆலோசனை அந்தப் பிள்ளைக்கு விளங்கும் மொழியில் கிடைக்க வேண்டும். சமய நிகழ்ச்சிக்குப் போவதும் போகாதிருப்பதும் அவரவர் விருப்பமாக இருக்க வேண்டும். போகாததால் விடுதலை ஒரு நாளும் தள்ளிப்போகக் கூடாது.

உங்கள் வீட்டுப் பிள்ளை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள், சங்கத்துக்கும் சொல்லுங்கள். எந்த நிலையத்துக்கு அனுப்புகிறார்கள், அங்கே என்ன நடக்கும் என்று உத்தரவுக்கு முன்பே சட்டத்தரணி மூலம் கேளுங்கள். அப்படிக் கேட்பது குற்றமல்ல, அது எமது உரிமை.