சுவரைப் பிடிக்காத குழாய்

மணிமங்கலம் என்றதும் சரித்திரம் படித்த நேயர்களுக்கு யுத்த ஞாபகம் வரும். ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கியப் புலிகேசியை முறியடித்த போர்க்களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைக் குறிப்பிடுகிறது. சென்ற மாதம் நாம் அங்கே போனது அந்தப் போர்க்களத்தைத் தேடி அல்ல. நண்பர் ஒருவர் புதிதாகக் கட்டியிருக்கும் வீட்டையும், அதன் ஸ்நான அறையில் நேர்ந்த சேதத்தையும் பார்க்கத்தான்.

நண்பர் வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து ஷவருக்கு அனுப்பும் மிக்ஸரைச் சுவருக்குள் புதைக்காமல், வெளியே தெரியும்படி வைத்திருந்தார். யோசனை நல்ல யோசனைதான். போர் ஜலத்தின் உப்பு படிந்து குழாய் அடைத்துக் கொண்டால், புதைத்த குழாய்க்காகச் சுவரை உடைக்க வேண்டும். வெளியில் இருப்பதை ஒரு ஸ்பானரால் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டிவிடலாம்.

நண்பரின் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. ஸ்நானம் முடிந்து முக்காலியிலிருந்து எழுந்தவர், கைக்கு எட்டிய மிக்ஸரைப் பற்றினார். அது அப்படியே சுவரை விட்டு வெளியே வந்துவிட்டது. உள்ளே பிளாஸ்டிக் எல்போ பிளந்து ஜலம் பீறிட்டது. தெய்வாதீனமாக அன்று கெய்ஸர் போடவில்லை. 60 டிகிரி சூடுள்ள ஜலம் சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும். வயோதிகர் தோலும் குழந்தைகள் தோலும் இன்னும் மெல்லியவை.

"நான் அதைப் பிடிச்சேன்; அது சுவரைப் பிடிக்கல்லையேப்பா!" என்றார் அம்மாள் நம்மைப் பார்த்து.

ஒரு நூல் எழுதினாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பித்தளை மிக்ஸரின் கனம் முழுவதும் இரண்டு குழாய்களின் மரையிலேயே தொங்கிக் கொண்டிருந்தது. பளபளக்கும் வட்டத் தகடு பிளவை மறைத்ததே தவிர, எதையும் தாங்கவில்லை. குழாயின் வேலை ஜலத்தைக் கொண்டு வருவது. பாரத்தைத் தாங்குவது சுவரின் வேலை. இரண்டையும் இணைப்பதுதான் பிராக்கெட் என்னும் தாங்கி. பல வீடுகளில் இதற்கு ஆகும் சில நூறு ரூபாயைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது அளவு. வெந்நீர்க் குழாய்க்கும் தண்ணீர்க் குழாய்க்கும் மையத்துக்கு மையம் 150 மில்லிமீட்டர் இருப்பதே பெரும்பாலான மிக்ஸர்களின் வழக்கம். மரை அரை அங்குலம். ஆனாலும் மிக்ஸரைக் கையில் வைத்துக்கொண்டு அளந்த பிறகே தாங்கியை வாங்க வேண்டும். இரண்டாவது உலோகம். முலாம் பூசிய பிளாஸ்டிக் கடையில் அழகாக இருக்கும். பித்தளைத் தாங்கியும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளுமே ஈரத்தில் நிலைக்கும். மூன்றாவது சுவர். செங்கல் சுவருக்குச் சாதாரண ராவல் பிளக் போதும். இப்போது அதிகமாகக் கட்டப்படும் ஏஏசி என்னும் லேசான சாம்பல் நிறக் கல் மிருதுவானது. அதற்கென்று செய்த பிளக்கைக் கேட்டு வாங்காவிட்டால் திருகாணி பல் ஆடுவது போல் ஆடும்.

இனிப் பொருத்தும் முறை. டைல் ஒட்டும் முன்பே பித்தளை எல்போவுடன் கூடிய தாங்கியைச் சுவரில் திருகி நிறுத்திவிடுவது உத்தமம். இடப்பக்கம் வெந்நீர், வலப்பக்கம் தண்ணீர். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று ரஸமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். குழாய்களில் ஜலத்தை அடைத்து ஓர் இரவு விட்டு, கசிவில்லை என்று கண்ட பிறகே கொத்தனாரைப் பூசச் சொல்ல வேண்டும்.

கட்டி முடித்த வீட்டிலும் வழியுண்டு. டைலில் துளையிடும்போது முதலில் தட்டும் விசையின்றிச் சுழற்சியால் மட்டும் துளைக்க வேண்டும். இல்லாவிட்டால் டைல் கீறும். டைலும் பூச்சும் பாரம் தாங்கமாட்டா. அவற்றின் கனமே ஏறக்குறைய ஓர் அங்குலம். அதற்கு அப்பால் செங்கல்லுக்குள் இரண்டு அங்குலமாவது திருகாணி இறங்க வேண்டும். துளையின் தூசியை ஊதிவிட்டுப் பிளக்கைச் செருகுவது அவசியம். தாங்கியைச் சுற்றி மேலும் பக்கங்களிலும் ஸிலிக்கோன் பூசி, அடியில் சிறிது இடைவெளி விடலாம். உள்ளே கசிந்தால் அதன் வழியாக நமக்குத் தெரிந்துவிடும். மிக்ஸரை மாட்டுவதற்கு முன் குழாய்களைத் திறந்துவிட்டு மணலை வெளியேற்றுவது நல்லது.

நண்பர் வீட்டிலிருந்து திரும்பும்போது ஒரு விஷயம் நம் மனத்தை உறுத்தியது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி ஆரம்பமாயிற்று. 2010-ல் ஒரகடத்திலும் பெரிய கார்த் தொழிற்சாலை வந்தது. நம் இளைஞர்கள் அங்கே ஒவ்வொரு திருகாணியையும் இவ்வளவு விசையோடு முடுக்க வேண்டும் என்று அளவு பார்த்து முடுக்குகிறார்கள். அந்தக் கார்கள் கடல் கடந்தும் போகின்றன. அந்நிய தேசத்தார் ஏறும் காருக்கு நாம் காட்டும் சிரத்தை, நம் தாயார் ஸ்நானம் செய்யும் அறைக்கு வேண்டாமா? குற்றம் குழாய்க்காரரிடம் மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் முலாமுக்குப் பணம் கொடுத்துவிட்டு, சுவருக்குள் இருப்பதற்கு அவரிடம் பேரம் பேசுகிறவர்கள் நாம்தாம்.

நண்பர் இப்போது தாங்கி வைத்து மிக்ஸரைப் புதிதாகப் பொருத்திவிட்டார். கூடவே முக்காலிக்குப் பக்கத்தில் எஃகுக் கைப்பிடி ஒன்றும் தனியாகப் பதித்திருக்கிறார். எவ்வளவு நன்றாகப் பொருத்தினாலும் மிக்ஸர் கைப்பிடி ஆகாது. வயோதிகர் உள்ள வீட்டில் இரண்டும் வேண்டும். அம்மாளைக் கேட்டோம். மிக்ஸரை இன்னும் நம்பவில்லையாம். கைப்பிடியைத்தான் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாராம். அப்படியே இருக்கட்டும்.