புல்லட் மக்கர் பண்ணுதா? முதலில் முள்ளைப் பாருங்கள்!

வடசென்னைக்கும் புல்லட்டுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கின. அடுத்த வருடமே திருவொற்றியூர் ஆலையிலிருந்து புல்லட்கள் வெளியே வந்தன. 1970-ல் இங்கிலாந்து நிறுவனம் மூடப்பட்ட பிறகும் இங்கே ‘டுப் டுப்’ சத்தம் ஓயவில்லை. 1977-ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆரம்பித்தது.

அந்தக் காலத்து வண்டியை அப்பாவின் ஞாபகமாக வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்களின் பொதுவான புலம்பல், “காலையில ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது!” பத்து உதை உதைத்துக் கால் வலித்ததும் பிளக்கை மாற்றுவார்கள். அப்புறம் பேட்டரி, அப்புறம் கார்புரேட்டர். பணம் போகும், நோய் போகாது. எதையும் மாற்றுவதற்கு முன்னால் சோதிக்க வேண்டியவை மூன்றுதான்: கரன்ட், பெட்ரோல், கம்ப்ரஷன்.

கரன்ட் வருகிறதா?

பாயின்ட் வைத்த பழைய புல்லட்டில் ஹெட்லைட்டுக்கு மேலே அம்மீட்டர் இருக்கும். விளக்குகளை அணைத்துவிட்டு, சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல மெல்ல அழுத்துங்கள். முள் மைனஸ் பக்கம் சாய்ந்து, பிறகு நடுவுக்கு வர வேண்டும். பாயின்ட் மூடியிருக்கும்போது சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும்.

எத்தனை முறை அழுத்தியும் முள் அசையவே இல்லையா? கரன்ட் காயிலுக்குப் போகவில்லை, அல்லது பாயின்ட்டில் அழுக்கு. பேட்டரி முனை, ஃபியூஸ், எர்த் ஒயர், பாயின்ட் என்று வரிசையாகப் பாருங்கள். ராயபுரம், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இந்த இணைப்புகளைத்தான் முதலில் அரிக்கும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டினாலே பல வண்டிகள் உயிர் பெற்றுவிடும்.

முள் மைனஸிலேயே நிற்கிறதா? பாயின்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ ஷார்ட் ஆகிறது. பாயின்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் வைத்து அளந்தால் போதும்.

பெட்ரோல் வருகிறதா?

நாலைந்து உதைக்குப் பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பெட்ரோல் காக், வடிகட்டி, கார்புரேட்டர் ஜெட் இவற்றில் அடைப்பு இருக்கலாம். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஸ்பார்க் இல்லை. துடைத்துக் காயவைத்து மாட்டி, சோக் போடாமல் முயலுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்; பழைய ரப்பர் டியூபுகளையும் கெடுக்கும். மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியின் கார்புரேட்டரில் பெட்ரோலைத் தேங்க விடாதீர்கள்.

கம்ப்ரஷன் இருக்கிறதா?

டீகம்ப்ரஸரைத் தொடாமல் கிக்கரை அழுத்தினால் ஓரிடத்தில் கால் முட்டி நிற்க வேண்டும். வெண்ணெயில் கத்தி போல இறங்கினால் உள்ளே காற்று கசிகிறது. டீகம்ப்ரஸர் கேபிள் இறுகியிருக்கிறதா, புஷ் ராடு அளவுக்கு மேல் இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரியென்றால் வால்வு, பிஸ்டன் ரிங். அது மெக்கானிக்கின் வேலை.

காலையில் நன்றாக ஓடி, சூடானதும் நின்று, ஆறியதும் மறுபடி ஸ்டார்ட் ஆனால் கண்டன்சர் அல்லது காயில் மீது சந்தேகப்படலாம். டேங்க் மூடியைத் திறந்தவுடன் ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே இழுத்து வண்டி கிளம்பினால், குற்றவாளி மூடியில் அடைத்துக்கொண்ட சிறு துளைதான்.

உதைக்கும் முறை

எல்லாம் சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகாததற்குப் பாதிக் காரணம் அவசரம். கிக்கரை அழுத்தி, கால் முட்டும் இடத்தில் முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸரை இழுத்துப் பிடியுங்கள். கிக்கரை இன்னும் கொஞ்சம் மட்டும் இறக்கி, லீவரை விடுங்கள். கிக்கர் மேலே வந்ததும், ஆக்ஸிலரேட்டரைத் திருகாமல், அடிவரை ஒரே மூச்சில் நீளமாக மிதியுங்கள். அரைகுறை உதையில்தான் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலையே பதம் பார்த்துவிடும். செருப்போடு உதைக்கவே கூடாது. சரியாக மிதித்தும் திருப்பி அடித்தால் டைமிங் முன்னால் போயிருக்கிறது என்று அர்த்தம்.

எச்சரிக்கை ஒன்று: ஸ்பார்க் பார்க்கும்போது பிளக் துளைக்கு அருகே பிளக்கை வைக்காதீர்கள். அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவியில் தீப்பிடிக்கலாம். பெட்ரோல் காக்கை மூடிவிட்டுச் சோதியுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்து, உடனே உதைத்துப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் வண்டி கிளம்பலாம். ஆனால் எதனால் கிளம்பியது என்பது அடுத்த முறையும் தெரியாது.