ரஜாய்க்குள் இட்லி மாவு

மத்திய அரசு அலுவலகங்களுக்கு வாரத்தில் ஐந்தே நாள் வேலை என்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தது 1985 ஜூன் 3-ஆம் தேதி. ராஜீவ் காந்தி பிரதமராகி ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மட்டும்தான் லீவு. புதிய ஏற்பாட்டில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை என்று வேலை நேரத்தை நீட்டினார்கள். முணுமுணுப்பு இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் சனிக்கிழமை வேண்டாம் என்று மனுப் போடுகிற குமாஸ்தா உலகத்தில் எங்கும் பிறந்ததில்லை.

கோப்புகளுக்கு அதனால் என்ன நன்மை என்பது இருக்கட்டும். ஆர்.கே.புரம், சரோஜினி நகர், லோதி காலனி குவார்ட்டர்ஸ்களில் குடியிருந்த தமிழ்க் கணவன் மனைவிகளுக்கு அது பெரிய வரவு. சனிக்கிழமை வீட்டு வேலைக்கு, ஞாயிற்றுக்கிழமை வெளியே போக என்று வாரக் கடைசி பிரிந்தது. தில்லியில் அந்தப் பாகப்பிரிவினை இன்றைக்கும் செல்லும்.

இந்தத் தம்பதிகளின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தட்டச்சும் சுருக்கெழுத்தும் தேறிய பையன் தில்லிக்கு வந்து கரோல்பாக்கில் நண்பர்களோடு ஓர் அறையில் ஒண்டிக்கொள்வான். பிறகு லீவில் ஊருக்குப் போய்த் தாலி கட்டிவிட்டு வருவான். பெண் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலோ, 1976-க்குப் பிறகு தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ, காபி ஃபில்டரும் ஊறுகாய் ஜாடியும் மடியில் இருக்க வந்து சேர்வாள். இறங்கிய இடத்தில் மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை, எதிர்வீட்டுப் பாட்டி இல்லை. ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. பேசுவதற்கு இருக்கிற ஒரே ஆள் தாலி கட்டியவன்.

அதில் ஒரு நன்மையும் இருந்தது. ஊரில் கோயிலுக்குப் போனாலும் புருஷன் பத்தடி முன்னால் நடக்க, பெண்டாட்டி பின்னால் போன காலம் அது. தில்லியில் அப்படி நடந்தால் அவள் தொலைந்துபோவாள். பஸ்ஸில் ஏற, காய்கறிக்காரனிடம் பேரம் பேச, டாக்டரிடம் வயிற்றுவலியை விளக்க அவன் கூடவே இருந்தாக வேண்டும். அவளுக்கு உடம்பு முடியாவிட்டால் ரசம் வைக்க அவனை விட்டால் ஆள் கிடையாது. தமிழ்க் கணவனைச் சமையலறைக்குள் இழுத்துவிட்டதில் மாதர் சங்கங்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு தில்லி மாற்றல் உத்தரவுகளுக்கும் உண்டு.

தமிழ் வாசகர்களுக்கு இந்த ஜோடி பழைய சிநேகம். செங்கல்பட்டுக்காரரான பி.எஸ்.ரங்கநாதன் தில்லியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். கடுகு என்றும் அகஸ்தியன் என்றும் எழுதிய அவர், கமலா என்ற மனைவியையும் அவளிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும் கணவனையும் வைத்து நகைச்சுவைக் கதைகளாகவே எழுதித் தள்ளினார். ஆதவனும் இந்திரா பார்த்தசாரதியும் அதே நகரத்தைத்தான் எழுதினார்கள். ஆனால் அவர்கள் கண்ணில் பட்டது தில்லிக் குடும்பத்தின் தனிமையும் போலித்தனமும். இலக்கியத் தராசில் அவர்கள் தட்டு தாழும், சந்தேகமில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று கேட்டால், கடுகு சொல்வதுதான் சரியாக இருக்கும்.

என்ன நடக்கும்? முதலில் பால். 1974-இல் தில்லிக்கு மதர் டெய்ரி வந்ததிலிருந்து, தூக்குப் பாத்திரத்தோடு பூத்துக்குப் போய் டோக்கன் போட்டுப் பால் பிடிப்பது குவார்ட்டர்ஸ் வாழ்க்கையின் அங்கமாகிவிட்டது. இயந்திரத்தின் வாயில் டோக்கனைப் போட்டால் குழாயில் பால் கொட்டும். ஊரிலிருந்து வருகிறவர்களுக்குச் செங்கோட்டையைவிட இது பெரிய அதிசயம். தூக்கை அவர் எடுத்துக்கொள்ள, அவள் கூடப் போவாள். சாப்பாட்டுக்கு முன் ஒரு நடை. அன்றைக்கு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர் என்ன சொன்னார், மேல் வீட்டுப் பஞ்சாபி அம்மா என்ன சொன்னாள் என்ற பரிமாற்றமெல்லாம் அந்த நடையில் முடிந்துவிடும்.

குளிர்காலம் வந்தால் பச்சைப் பட்டாணி. தில்லியில் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு நாள் சந்தை உண்டு. அந்தக் கிழமையின் பேரிலேயே சோம் பஜார், புத் பஜார், சனி பஜார் என்பார்கள். டிசம்பர் பிறந்தால் பட்டாணியும் சிவப்புக் கேரட்டும் வெந்தயக் கீரையும் மலையாகக் குவிந்து கிடக்கும். ஐந்து கிலோ பட்டாணியை வாங்கி வந்து, பழைய செய்தித்தாளை விரித்து, தொலைக்காட்சி முன் இருவருமாக உட்கார்ந்து உரிப்பார்கள். உரித்ததில் பாதி ஃப்ரீசருக்குப் போகும். கால் பங்கு உரிக்கும்போதே வாய்க்குப் போகும். யார் அதிகம் தின்றது என்பதில் வருகிற சண்டை பொங்கல் வரை நீடிக்கும்.

தயிரும் மாவும் தனிக் கதை. ஜனவரி மாதம் தில்லியில் தயிர் தோயாது, இட்லி மாவு பொங்காது. உறை ஊற்றிய பாத்திரத்தைப் பழைய சால்வையில் சுற்றி வைப்பவர்கள் உண்டு. விளக்கை எரியவிட்டு ஓவனுக்குள் மாவை வைப்பவர்கள் உண்டு. இரண்டும் பலிக்காவிட்டால் கடைசி ஆயுதம் ரஜாய். பஞ்சடைத்த அந்தக் கனத்த போர்வைக்குள், தூங்கும் கணவன் மனைவிக்கு நடுவே, கைக்குழந்தை மாதிரி மாவுப் பாத்திரம் படுத்திருக்கும்.

“ஏங்க, மாவு பொங்கியிருக்கா பாருங்க.”

“அதுக்கும் குளுருது போலிருக்கு. இன்னிக்கும் தோசைதான்.”

வெயிலும் குளிரும் சேர்ந்து நடத்துகிற ஊர் அது. குளிர்கால மதியத்தில் வெயில் காய்வதைத் தில்லிக்காரர்கள் ஒரு கடமையாகவே செய்வார்கள். ஆரஞ்சு, வறுத்த வேர்க்கடலை, வெல்லமும் எள்ளும் சேர்ந்த கஜக் எல்லாம் புல்வெளிக்கு வந்துவிடும். அரசு அலுவலகங்களின் முன்னால் சாப்பாட்டு இடைவேளையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிய காட்சியை ஒரு தலைமுறையே பார்த்திருக்கிறது. அங்கே ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்ட தமிழ்ப் பெண்கள் கணவனுக்குப் பின்னிய முதல் ஸ்வெட்டரில் ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் இருக்கும். கணவர்கள் அதைத்தான் போட்டுக்கொண்டு அலுவலகம் போனார்கள். வேறு வழி?

மே மாதம் ஊரில் பள்ளி லீவு விட்டதும் உறவினர் வருவார்கள். அனல் காற்று வீசுகிற சமயமாகப் பார்த்து வந்து குதுப் மினார், செங்கோட்டை, பிர்லா மந்திர், ஆக்ரா என்று சுற்றிக் காட்டச் சொல்வார்கள். அந்த மாதத்துச் சனி ஞாயிறெல்லாம் அதிலேயே போகும். தில்லித் தமிழர் ஒருவர் தாஜ்மஹாலை எத்தனை முறை பார்த்தார் என்பதை வைத்து அவருக்கு எத்தனை சித்தப்பா, எத்தனை அத்தை என்று கணக்கிட்டுவிடலாம்.

தாஜ்மஹால் என்றதும் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மனைவிக்காகக் கட்டிய சமாதியைப் பார்க்கத் தில்லித் தம்பதிகள் ஆக்ராவுக்குப் போக வேண்டியதே இல்லை. நிஜாமுதீனில் மதுரா சாலை ஓரத்திலேயே ஒன்று இருக்கிறது. அக்பரின் நவரத்தினங்களில் ஒருவரான அப்துல் ரஹீம் கான்-இ-கானான் தம் மனைவி மாஹ் பானுவுக்காக 1598-இல் கட்டியது. தாஜ்மஹால் வேலை தொடங்கியது 1632-இல்தான். ரஹீம் 1627-இல் இறந்தபோது அவரையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். பின்னாளில் சஃப்தர்ஜங் சமாதி கட்டுவதற்காக இதன் பளிங்கையும் சிவப்பு மணற்கல்லையும் பெயர்த்தெடுத்துப் போனார்கள். வெகுகாலம் மொட்டையாக நின்ற கட்டடம் பல ஆண்டுச் சீரமைப்புக்குப் பிறகு 2020 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஹுமாயூன் சமாதி. அதை எழுப்ப முன்னின்றவர் ஹுமாயூனின் மனைவி ஹாஜி பேகம். ஒரே பேட்டையில் கணவனுக்கு மனைவி கட்டியது ஒன்று, மனைவிக்குக் கணவன் கட்டியது ஒன்று. ஹுமாயூன் சமாதிக்கு வருகிற கூட்டத்தில் சிறு பகுதிகூட ரஹீமைத் தேடிப் போவதில்லை. காலாற நடக்க விரும்புகிற இருவருக்கு அதுவே வசதி.

ஹுமாயூன் சமாதியை ஒட்டியே சுந்தர் நர்சரி. மரக்கன்று வளர்க்கிற இடமாக இருந்தது, 90 ஏக்கர் பூங்காவாக 2018-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இயற்கை விளைபொருள் சந்தை கூடும். விலையைக் கேட்டுவிட்டு சனி பஜாரை நினைத்துப் பெருமூச்சு விடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

லோதித் தோட்டத்துக்குள் நுழையவே கட்டணம் இல்லை. வைஸ்ராய் வில்லிங்டனின் மனைவி பேரில் 1936-இல் திறந்த பூங்கா அது. சுதந்திரத்துக்குப் பிறகு லோதி சுல்தான்களின் பேரைப் பெற்றது. பஞ்சாபிக் குடும்பங்கள் ஆலு பராட்டாவைப் பிரிக்கும் புல்வெளியில் தமிழ்த் தம்பதி புளியோதரையும் தயிர்சாதமும் பிரிப்பார்கள். சமாதிகளின் மறைவில் கல்லூரிக் காதலர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் கடக்கும்போது நடுத்தர வயதுத் தமிழ்க் கணவருக்குக் கட்டடக் கலையில் திடீரென்று அக்கறை பிறக்கும். குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போவார். மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

சாயங்காலமானால் ஆர்.கே.புரம் மலை மந்திர். 1973-இல் கும்பாபிஷேகம் கண்ட உத்தர சுவாமிமலை. சிறு குன்றின்மேல் சுவாமிநாதர் நிற்கிறார். படியேறி, கும்பிட்டு, வாசலில் ஒரு முழம் மல்லிகை வாங்கினால் ஞாயிறு முடிந்தது. நிகழ்ச்சி ஏதாவது இருந்தால் அதே ஆர்.கே.புரத்தில் தில்லித் தமிழ்ச் சங்கம், 1946-இல் தொடங்கியது. பட்டிமன்றத்தில் கணவன் கட்சிக்கு இவர் கைதட்ட, மனைவி கட்சிக்கு அவள் கைதட்டுவாள். வீட்டில் நடப்பதுதான், மேடை மட்டும் வேறு.

இதெல்லாம் எப்போதும் இப்படியே கிடைப்பதில்லை. 2024 நவம்பர் 18-ஆம் தேதி தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 494. பள்ளிப் பாடங்கள் இணையத்துக்கு மாறின. பால் வாங்கப் போகிறவரும் முகக்கவசம் மாட்ட வேண்டியிருந்தது. அதே ஆண்டு மே 29-ஆம் தேதி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி வெயில். ஆக அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் முழுவதும் புகை, ஏப்ரலிலிருந்து ஜூன் வரை அனல், பிறகு மழையும் புழுக்கமும். கூட்டிக் கழித்தால் இருவர் வெளியே நிம்மதியாக நடக்கிற ஞாயிறுகள் நாலைந்து மாதத்துக்குள் அடங்கிவிடும். அதனால்தான் தில்லிக்காரர்கள் பிப்ரவரியை விட மாட்டார்கள்.

குவார்ட்டர்ஸ்களும் முன்போல் இல்லை. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட 2016-இல் ஒப்புதல் கிடைத்தது. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்து 2018-இல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். உயர் நீதிமன்றம் தடையும் போட்டது. பிறகு கோபுரங்கள் எழுந்தன. தரைத்தளத்து வீட்டின் முன்னால் கறிவேப்பிலையும் மல்லிகையும் வைத்துத் தண்ணீர் ஊற்றிய அந்தத் துண்டு மண் இனி யாருக்கும் இல்லை. வீடு பெரிதாகியிருக்கலாம், லிஃப்ட் வந்திருக்கலாம். தோட்டம் போனது நஷ்டம்தான்.

இன்றைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வருகிற இளம் தம்பதி பெரும்பாலும் குருகிராமிலோ நொய்டாவிலோ இருக்கிறார்கள். இருவருக்கும் வேலை. பால் கைப்பேசியில் கேட்டால் வாசலுக்கு வருகிறது, இட்லி மாவு பாக்கெட்டில் வருகிறது. சனி ஞாயிறு மாலில் ஒரு படம், ஒரு சாப்பாடு, திரும்பும் வழியில் ஒன்றரை மணி நேர நெரிசல். அவர்கள் பணம், அவர்கள் இஷ்டம். ஆனால் சம்பளத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத குமாஸ்தாத் தம்பதி இதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமையை அனுபவித்தார்கள் என்றுதான் தோன்றுகிறது.

இன்றைய இளம் தம்பதிகளுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவில் கட்டணம் மற்ற நாளைவிடக் குறைவு. காலையில் கிளம்பி ரஹீம் சமாதி, மதியம் லோதித் தோட்டம், மாலையில் மலை மந்திர் என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் மாளிகையின் அமிர்த உத்யான் திறக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது, இணையத்தில் முன்பதிவு செய்தால் போதும், திங்கட்கிழமை மூடியிருக்கும். புளியோதரை கட்டிக்கொண்டு மார்ச் மாதத்துக்குள் போய்விடுங்கள். ஏப்ரல் பிறந்தால் ஞாயிற்றுக்கிழமை கூலரைக் கழுவத்தான் சரியாக இருக்கும்.